கடலெல்லையும் மீனவர் வாழ்வும்

ரவாங் நகரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. எனினும், இங்குள்ள காலைச் சந்தையில் கெம்போங், நெத்திலி, இறால் எனக் கடல் வளம் குவிந்து கிடக்கிறது. மீன் விலை ஏறிவிட்டது என்று குறைபட்டுக்கொள்ளும் நாம், அந்த மீனுக்காக ஒருவர் எவ்வளவு தொலைவு சென்றார், எந்த எல்லையை நெருங்கினார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மீனுக்கு நாட்டெல்லை கிடையாது. அதைத் தேடிச் செல்லும் மீனவர்தான் எல்லையைத் தாண்டினால் கைது செய்யப்படுகிறார். அவரை எவ்வாறு நடத்துவது நியாயமாகும்?

கடலெல்லை தேவையற்றது என்று எவரும் கூற முடியாது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் ஆட்புலக் கடல் 12 கடல் மைல் வரையிலும், அதன் தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரையிலும் நீளலாம். அம்மண்டலத்தில் அத்துமீறி மீன்பிடிக்கும் படகைக் கைப்பற்றும் உரிமையும் அந்நாட்டிற்கு உண்டு. எனினும், அதே ஒப்பந்தத்தின் 73ஆம் விதி அந்த உரிமைக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. நியாயமான பிணைத்தொகை செலுத்தப்பட்டால் படகையும் பணியாளர்களையும் விரைந்து விடுவிக்க வேண்டும்; நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதவரை, மீன்பிடிக் குற்றத்திற்குச் சிறைத்தண்டனை விதிக்கக்கூடாது. எல்லையைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதே இவ்விதியின் உட்பொருளாகும்.

இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் பாக் நீரிணை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவுதான். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அங்குள்ள கடலெல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வந்த கடலில் திடீரென ஒரு கோடு விழுந்ததை மீனவர்கள் எளிதில் ஏற்கவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஒரு படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், கடற்படைப் படகுடன் மோதிய மீன்பிடிப் படகு மூழ்கியதில் இராமேசுவரத்து மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

இதை இரு நாடுகளின் பகையாக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வையாகாது. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரால் இலங்கையின் வடபகுதி மீனவர்கள் பல ஆண்டுகள் தடையின்றிக் கடலுக்குச் செல்ல முடியவில்லை. போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பியபோது, மறுகரையிலிருந்து வந்த இழுவைப்படகுகள் அங்கு மீன்பிடித்துக்கொண்டிருந்தன. இழுவை வலை கடலடியை வாரிக்கொண்டு செல்லும், மீன்குஞ்சுகளையும் விட்டுவைக்காது. சிறு மீனவர் இரவில் விரித்த வலையையும் அறுத்துவிடும். இதனால்தான் இலங்கை 2017ஆம் ஆண்டில் இழுவை வலையைச் சட்டப்படி தடைசெய்தது. சிறைப்பட்டவரும் தமிழ் மீனவர். வலையை இழந்தவரும் தமிழ் மீனவர். ஒருவருக்காக மட்டும் குரல் கொடுத்தால் மற்றவருக்கு அநீதி செய்தவர்களாவோம்.

நம் நாட்டின் அனுபவமும் இங்கு எண்ணத்தக்கது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலேசிய மீனவர் எழுவரை இந்தோனேசிய அதிகாரிகள் பிடித்தனர். இந்தோனேசிய அதிகாரிகள் மூவரை மலேசியா தடுத்துவைத்தது. இரு நாடுகளிலும் சினம் மூண்டது. ஆயினும், பேச்சுவார்த்தை வென்றது. எல்லை முடிவாகாத கடற்பகுதியில் காணப்படும் மீனவர்களைக் கைது செய்யாமல் வெளியேறுமாறு அறிவுறுத்தும் வழிமுறைக்கு 2012ஆம் ஆண்டில் இரு நாடுகளும் உடன்பட்டன. பாக் நீரிணையின் எல்லை ஏற்கெனவே முடிவானது என்பதால், இவ்வழிமுறையை அங்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால், மீனவரைப் பகைவராகக் கருதாத அதன் மனப்பான்மையை எங்கும் பின்பற்றலாம்.

ஆகவே, இச்சிக்கலைத் தீர்க்க மூன்று செயல்கள் தேவை என்பது என் கருத்து. முதலாவதாக, கூலிக்கும் பங்குக்கும் கடலுக்குச் செல்லும் பணியாளரையும் படகின் உரிமையாளரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். எங்கே வலை வீசுவது என்பதைப் பணியாளர் முடிவு செய்வதில்லை. சிறைக்குச் செல்பவர் அவரே. வீட்டில் உழைக்கும் ஒருவர் சிறையிலிருந்தால் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அடுப்பும் ஒன்றாக முடங்கும். தண்டனை, ஆதாயம் பெறுபவரைச் சேர வேண்டும்.

இரண்டாவதாக, இழுவை வலையை நாடும் நிலையை மாற்ற வேண்டும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், புதிய படகின் விலையில் 70 விழுக்காட்டை மானியமாக வழங்க முன்வந்தது. எஞ்சிய தொகை மீனவரின் பொறுப்பு. கடன் சுமையும் பழகாத தொழில்முறையும் பலரைத் தயங்கச் செய்கின்றன. படகு கொடுப்பதோடு பயிற்சியும் சந்தை வாய்ப்பும் அளித்தால்தான் மாற்றம் நிலைக்கும். நம் நாட்டிலும் இழுவைப்படகுக்காரர்களும் கரையோர மீனவர்களும் மோதிக்கொண்ட காலம் உண்டு. பின்னர், கரையோரக் கடல் பாரம்பரிய மீனவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. சட்டத்தோடு மாற்று வழியும் தேவை என்பதை அந்த வரலாறு உணர்த்துகிறது.

மூன்றாவதாக, இரு கரை மீனவர்களும் இடைவிடாமல் நேரில் பேச வேண்டும். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மக்களும் ஒரே கோயிலில் வழிபடுகின்றனர். வழிபாட்டில் ஒன்றுகூடுபவர்கள் வாழ்வாதாரத்தைப் பற்றியும் ஒன்றுகூடிப் பேசலாம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் கூறலாம். ஆனால், கைது, அபராதம், விடுதலை, மீண்டும் கைது என்று சுழலும் இன்றைய நடைமுறை எவரது வயிற்றையும் நிரப்பவில்லை, கடலையும் காக்கவில்லை. நாளை சந்தையில் மீன் வாங்கும்போது, விலையைக் கேட்பதோடு அது எவ்வாறு பிடிக்கப்பட்டது என்றும் கேட்போம். அக்கேள்வி நம்மைக் கடலுக்கும் அதை நம்பி வாழ்பவர்களுக்கும் சற்று அருகில் கொண்டுசெல்லும்.