மிச்சமும் சொச்சமும்

உள்ளது தேயும், இல்லாதது தானே தோன்றாது, தோன்றின் அது படைத்தவன் கைத்திறனே! படைப்புக்கு வக்காலத்து வாங்கும் பண்டிதர்களின் வாதம் இது. வகையான வாதந்தான். ஆனால், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் இதனை ஏற்க மறுக்கிறதே!

ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதும் 1996-இல் படித்தறியப்பட்டது. மறு ஆண்டே, டப்ளின் நகரத்து அறிஞர்கள் கென்னத் உல்ஃபும் டெனிஸ் ஷீல்ட்சும் அதில் விந்தையொன்று கண்டனர். வெவ்வேறு குரோமோசோம்களில் ஒத்த மரபணுக்கள், ஒரே வரிசையில், இணை இணையாக! ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் தொகுதி முழுவதுமே இருமடங்காயிற்று என்றனர். ஐயுற்றோரும் இருந்தனர். 2004-இல், இரட்டிப்பு அறியாத உறவு ஈஸ்ட் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தனர். அதன் ஒரு துண்டுக்கு இங்கே இரு துண்டுகள். அங்கே தொடர்ந்து நிற்கும் மரபணுக்கள், இங்கே சில இதிலும் சில அதிலுமாகச் சிதறிக் கிடந்தன. ஐயம் அகன்றது.

இரட்டித்தவை என்னவாயின? 5,000 அளவில் இருந்தவை 10,000 ஆயின. இன்றோ 6,000 அளவில்தான்! இணையாக எஞ்சியவை ஏறத்தாழ 500. ஏனைய இணைகளில் ஒன்று பழுதுற்றுச் சிதைந்து மறைந்தது. திட்டமிட்டவன் வேலையா இது? 100 படிகள் எடுத்து 90-ஐக் கிழித்தெறியும் எழுத்தரை எந்த அலுவலகம் வைத்துக்கொள்ளும்?

எஞ்சியதைப் பாரீர்! கேலக்டோஸ் என்னும் சர்க்கரையை உண்ண, இரட்டிப்பு அறியாத மற்றோர் ஈஸ்டில் ஒரே மரபணு இரு தொழில் புரிகிறது. சர்க்கரை வந்ததை அறிவித்தல் ஒன்று. அதனைப் பதப்படுத்தத் தொடங்குதல் மற்றொன்று. காவலன் எப்போதும் விழித்திருக்க வேண்டும். உழைப்பாளியோ வேலை வந்தபோது பெருந்திரளாய் வரவேண்டும். இரண்டையும் ஒன்றே சுமந்தால் இரண்டும் அரைகுறை. நம் ஈஸ்டிலோ, இணையில் ஒன்று காவலுக்கு, ஒன்று உழைப்புக்கு. ஹிட்டிங்கரும் கரோலும் 2007-இல் இதனை ஆய்ந்து காட்டினர். பங்கீடுதானே, புதுமை எங்கே என்பர். ஒன்றாயிருந்தபோது எட்டாத திறனைப் பிரிந்தபின் எட்டியது புதுமையன்றி வேறென்ன?

தோழர்களே, நம் மேடையிலும் ஒரு பிழை உண்டு. முன்னேறுவதற்காகவே இயற்கை இரட்டித்தது என்று முழங்குகிறோம். முன்வாசலில் விரட்டிய கடவுளை, இயற்கை என்று பெயர் சூட்டிப் பின்வாசலில் வரவேற்பதன்றோ இது! இரு வேறு கால்வழிகளின் கலப்பில் விளைந்த இரட்டிப்பு அது என்கிறது 2015-இல் வந்த ஓர் ஆய்வு. (தூய குருதி பேசுவோர் செவியிலும் இது விழட்டும்.) தற்செயலாய் நேர்ந்தது, பெரும்பகுதி அழிந்தது, சிறுபகுதிக்கு வேலை வாய்த்தது. அடுத்த கூட்டத்தில் 'முன்னேறுவதற்காக' என்ற சொல்லை நீக்கிவிட்டுப் பேசுங்கள்.