உரிமம் உண்டு, தமிழ் உண்டா?



குவீன்ஸ்டவுனில் பிள்ளையைக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும் பெற்றோர் முதலில் உரிமத்தையும் அடுத்துத் தரச்சான்றையும் விசாரிக்கின்றனர். இரண்டும் வேண்டியவையே. தமிழ்ப் பெற்றோர் மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முன்பு பராமரிப்பு நிலையங்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பாலர் பள்ளிகளுக்குக் கல்விச் சட்டமும் என இரு வழிகள் இருந்தன. 2013இல் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு உருவாயிற்று. 2019 ஜனவரி 2 முதல் புதிய சட்டம் இருவகை நிலையங்களையும் ஒரே உரிம முறைக்குள் கொண்டுவந்தது. உரிமம் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு வழங்கப்படும். கைக்குழந்தைகள் 5 பேருக்கு ஒரு பராமரிப்பாளர் இருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகள் பிள்ளையின் பாதுகாப்புக்கு அரண். 2011இல் நடைமுறைக்கு வந்த ஸ்பார்க் தரச்சான்றோ நிலையங்கள் தாமே முன்வந்து பெறுவது. கற்பித்தலையும் நிர்வாகத்தையும் அது எடைபோடுகிறது.

இனி மொழிக்கு வருவோம். முழுநாள் நிலையங்கள் வார நாள்களில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை இயங்குகின்றன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பிள்ளை விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி அங்கேயே கழிகிறது. அங்கே தமிழ் ஒலிக்காவிடில், தொடக்கநிலை ஒன்றில் தமிழாசிரியர் முன் அமரும் பிள்ளைக்குத் தமிழ் அயல்மொழியே.

அமைப்பின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு நிலையமும் கற்பிக்கும் இரண்டாம் மொழி குறிக்கப்பட்டுள்ளது. நல்ல ஏற்பாடு. ஆயினும் ‘தமிழ்’ என்ற ஒரு சொல், ஆசிரியர் நாள்தோறும் வருகிறாரா, வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வருகிறாரா என்பதைச் சொல்லாது. பாட்டும் கதையும் உண்டா, எழுத்துப் பயிற்சி மட்டும்தானா என்பதையும் சொல்லாது.

இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியரை அமர்த்த இயலாது என்று நிலையங்கள் கூறினால், அதிலும் நியாயம் உண்டு. அதற்கு, அருகிலுள்ள நிலையங்கள் சேர்ந்து ஒரு தமிழாசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது வாரத் தமிழ் நேரத்தையும் அறிவிக்கச் செய்து, அதைப் பட்டியலில் வெளியிடலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படுமென நான் எண்ணவில்லை.

அதுவரை பெற்றோர் வாய்திறந்து கேட்க வேண்டும். பிள்ளையின் பெயரைப் பதிவதற்கு முன்பே, “தமிழ் யார் கற்பிக்கிறார்? வாரத்தில் எத்தனை மணி நேரம்?” என்று கேளுங்கள். பலர் கேட்டால் நிலையங்கள் ஏற்பாடு செய்யும். எவரும் கேளாவிடில், தேவையில்லை என்றே கருதிக்கொள்ளும்.