பெப்ரவரியைத் தாண்டும் தீர்மானம்



புது வருஷக் கலண்டரைச் சுவரில் மாட்டியதும் நம்மில் பலருக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. இந்த வருஷம் சீனியைக் குறைப்பேன், வீண் செலவைக் குறைப்பேன், உடம்பைக் கவனிப்பேன் என்று மனதுக்குள் பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் "மீண்டும் ஓடுவேன்" என்று எழுதிக்கொள்ளும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மாங்குளத்திலிருந்து எழுதிய கடிதத்தை வைத்தே இம்மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

அவருக்கு வயது 38. மூன்று பிள்ளைகளின் தாய். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து உம்மாவின் இடுப்பில் இருந்தபடி புத்தளம் போய்ச் சேர்ந்த குழந்தை அவர். படித்தது புத்தளத்தில். பாடசாலையில் 1500 மீற்றர் ஓட்டத்தில் அவருடைய இல்லத்துக்கு அவர்தான் நம்பிக்கை. யுத்தம் முடிந்த சில வருஷங்களில் குடும்பம் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பியது. திருமணமாகி, இப்போது கணவரின் கடை மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில்.

போன வருஷம் மகளின் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. பெற்றோருக்கான ஓட்டத்தை ஒலிபெருக்கியில் அறிவித்ததும், "எங்கட உம்மா முந்தி ஓட்டக்காரி" என்று மகள் தோழிகளிடம் சொல்லி, தாயின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். இவரும் ஓடினார். பாதித் தூரத்தில் மூச்சு வாங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லையாம். மகள் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாளாம். "அந்த முகம் ஒரு வருஷமாக என் கண்ணில் நிற்கிறது" என்று எழுதுகிறார்.

இந்த ஜனவரி முதலாம் திகதி ஒரு சபதம் எடுத்தார். தினமும் 5 கிலோமீற்றர். எட்டாம் நாள் முழங்கால் வீங்கியது. ஒன்பதாம் நாள் வீட்டில் இருந்தார். பிறகு போகவே இல்லை. "எனக்கு இனி ஓட்டம் சரிவராதா, அல்லது நான் சோம்பேறியா?" இதுதான் அவருடைய கேள்வி.

சகோதரியே, இரண்டும் இல்லை. அந்தச் சபதத்தை எடுத்தது 38 வயதுத் தாய். அதை நிறைவேற்றுவதாக நீங்கள் எண்ணியது 16 வயது மாணவியின் கால்கள். பிழை அங்கேதான்.

நீண்ட காலம் ஓடாமல் இருந்து திரும்பும்போது உடம்பின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் நாருக்கும் இன்னும் அதிக காலம் தேவை. அதனால்தான் மூச்சு இலேசாகி, "இன்று நல்லாக ஓடலாம்" என்று தோன்றும் நாட்களிலேயே முழங்காலும் முன்னங்கால் எலும்பும் நோகத் தொடங்குகின்றன. முழங்கால் வீங்கியதற்கு உங்கள் மனவுறுதி பொறுப்பல்ல.

ஒரு காலத்தில் வென்ற உடம்பு பிறகு மாறிப்போவது இன்று நேற்று வந்த விஷயமுமல்ல. அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்திவிட்டார்கள். பிற்காலத்தில் உடல் சதை போட்ட பிறகு மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் முந்தி, முன்பு தோற்றதற்கு இது ஈடு என்று சொன்னார்கள். உடம்பு மாறியதையும் தாம் தோற்றதையும் ஆயிஷா (ரலி) மறைக்கவில்லை. அவர்கள் தம் வாயாலேயே அதைச் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழியையும் அறிவித்தவர்கள் அவர்களே. வணக்கத்துக்குச் சொன்ன அந்த அளவுகோல் ஓட்டத்துக்கும் நன்றாகப் பொருந்துகிறது.

சரி, தீர்மானத்தை எப்படி எழுதுவது? "தினமும் 5 கிலோமீற்றர்" என்ற வரியை வெட்டிவிடுங்கள். "வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம்" என்று எழுதுங்கள். தூரத்தை எழுத வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்கள். உடல் எடையையும் எழுத வேண்டாம். எடை நம் சொற்படி இறங்காது. வாசலைத் தாண்டி வெளியே போவது நம் கையில் இருக்கிறது.

1996இல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயை ஓட வைப்பதற்காக ஒரு சிறிய திட்டம் தயாரித்தார். இன்று உலகம் முழுவதும் புதிதாக ஓடத் தொடங்குபவர்கள் பின்பற்றும் ஒன்பது வாரத் திட்டம் அதுதான். முதல் வாரம் இப்படி: ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடத்துக்கு மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஓய்வு. வாரம் ஏற ஏற ஓட்டம் கூடி, நடை குறையும். முடிவில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம்.

மாங்குளத்துச் சகோதரி போல முழங்கால் நொந்தவர்கள், வீக்கமும் வலியும் முற்றாக நின்ற பிறகு முதல் இரண்டு மூன்று வாரம் நடை மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினாறு வாரமானால் யாருக்கு என்ன நட்டம்? வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு உண்டு. ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் அதிகம்.

தவறிப்போகும் நாளுக்கும் இப்போதே ஒரு விதி எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மழை வரும், விருந்தாளி வருவார். அந்த நாளில் பத்து நிமிடம் முற்றத்தில் நடந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் அடுத்த முறை தவறக்கூடாது, அவ்வளவுதான். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாக ஓடப்போகாதீர்கள். சபதங்கள் பெரும்பாலும் முதல் தவறிலேயே முறிந்துவிடுவதில்லை. "எல்லாம் போச்சு" என்று நாம் சொல்லும்போதுதான் முறிகின்றன. 2023 ஏப்ரலில் லண்டன் மரதனில் சிபான் ஹசன் இடுப்பு வலியால் பாதையிலேயே நின்று உடலை நீட்டிச் சரிசெய்தார். முன்னணியில் ஓடியவர்கள் அவரை விட்டுத் தூரம் போய்விட்டார்கள். அவர் மெல்ல மெல்ல அவர்களைப் பிடித்து, தம் முதல் மரதனிலேயே வென்றார். அதற்கு முந்திய வாரங்கள் நோன்பு காலம்.

இனி வன்னியின் சங்கதி. புது வருஷத்தில் தொடங்குவது மாங்குளத்துக்குப் பொருத்தமானதுதான். மாரி மழை ஓயும் காலம், காலையில் பனியும் குளிர்ச்சியும் இருக்கும். ஆனால் சில மாதத்தில் வெயில் கடுமையாகும். அப்போது காலையில் நேரத்தோடு முடித்துவிட வேண்டும். சுபஹு தொழுத கையோடு நன்றாக வெளிச்சம் வந்ததும் புறப்படுவது நல்லது. இருட்டில் போகாதீர்கள். காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு, நாய்த் தொல்லையும் உண்டு. ஏ-9 வீதியின் ஓரத்தில் ஓடவே வேண்டாம். பஸ்ஸும் லொறியும் எந்த வேகத்தில் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வாகனம் குறைந்த உள்வீதியோ, அனுமதி கிடைத்தால் பாடசாலை மைதானமோ நல்லது. பழக்கமில்லாத பற்றைக்குள்ளும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமும் கால் வைக்காதீர்கள். இரண்டு பேராகப் போனால் பாதுகாப்பு, பேச்சுத் துணை, "அவ காத்துக்கொண்டிருப்பா" என்ற கடமையுணர்வு மூன்றும் கிடைக்கும்.

உடைக்காகத் தயங்க வேண்டியதில்லை. கணுக்காலில் தடக்காத நீளத்தில் ஒரு தளர்ந்த பருத்தி மேலாடை, உள்ளே காற்சட்டை, காற்றில் பறக்காமல் குத்திய சிறிய முக்காடு போதும். 2006இல் டோஹா ஆசிய விளையாட்டில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா தலையையும் உடலையும் மறைத்த உடையில்தான் 200 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பணம் செலவழிப்பதென்றால் சப்பாத்துக்குச் செலவழியுங்கள். செருப்போடு ஓடாதீர்கள்.

புறப்படுமுன் உடம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு, 1996 முதல் இலங்கையில் நடந்துவரும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார். படி ஏறினாலே களைப்பு, தலைசுற்று என்றால் இரத்தச்சோகை இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று, நாம் உம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயம். பிள்ளை பெற்ற பிறகு ஓடும்போது சிறுநீர் கசிவது பல தாய்மாருக்கு உண்டு. வெட்கத்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, காரணத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இடுப்புக்கூட்டின் அடித்தசை தளர்ந்ததால் வருவது அது. பயிற்சியால் பெரும்பாலும் சீராகும். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையைச் சுருக்கி, சில விநாடி வைத்திருந்து, தளர்த்த வேண்டும். தினமும் பல தடவை செய்யலாம். குறையாவிட்டாலும், கீழே பாரமாக இறங்குவது போல இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரசவமான முதல் மூன்று மாதத்துக்கு ஓட்டம் வேண்டாம் என்று 2019இல் பிரித்தானிய இயன்மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

நோன்பையும் கணக்கில் எடுங்கள். ரமழான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு தடவை தொடங்கும். ஆகவே இந்தக் காலத்தில் ஜனவரியில் தொடங்கும் எந்த ஒன்பது வாரத் திட்டமும் நடுவில் நோன்பைச் சந்திக்கும். பலருடைய தீர்மானம் அங்கேதான் நின்றுவிடுகிறது. நோன்பு மாதத்துக்குத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: ஓட்டத்தைக் கூட்டுவதில்லை, நோன்பு திறந்து சற்று இளைப்பாறிய பின் 15 நிமிட நடை. பெருநாளுக்குப் பிறகு விட்ட இடத்துக்கு இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

"வயது போய்விட்டதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பி, ஏ-34 வீதியால் ஒட்டுசுட்டானைத் தாண்டிப் போனால் முள்ளியவளை. அந்த ஊரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் அம்மையார் 2023 நவம்பரில், தம் 72ஆம் வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். சகோதரியே, நீங்கள் பாடசாலையில் ஓடிய அதே 1500 மீற்றர். உங்களுக்கு 72 ஆக இன்னும் 34 வருஷம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். குடும்பம் ஊர் திரும்பிய கதையைச் சொல்லும்போது, "முதல் வருஷம் காடு வெட்டிக் கிணறு இறைத்தோம், அடுத்த வருஷம்தான் கூரை போட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த முதல் கிழமையே பழைய வீடு எழும்பவில்லை என்று உங்கள் வாப்பா மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகவில்லை அல்லவா? ஓட்டத்துக்குத் திரும்புவதையும் அந்தக் கணக்கில் வையுங்கள். இந்த வருஷம் காடு வெட்டும் வருஷம்.

வரும் விளையாட்டுப் போட்டியில் பெற்றோர் ஓட்டத்துக்கு அழைத்தால் முழு வேகத்தில் பாயாதீர்கள். பயிற்சியில்லாத கால் திடீரென்று பாய்ந்தால் தொடைத் தசை பிடித்துவிடும். தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் இருந்தால் அதில் சேர்ந்து பிள்ளைகளோடு சிரித்துவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 60 விநாடி ஆகிவிட்டதா என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுங்கள். மகள் நின்றுபோன உம்மாவை ஒரு நாள் பார்த்தாள். திரும்பத் தொடங்கும் உம்மாவை எத்தனையோ நாள் பார்க்கட்டும்.

மற்றச் சகோதரிகளும் கலண்டரின் ஓரத்தில் உங்கள் மூன்று நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் எத்தனை நாள் போனீர்கள், எத்தனை நாள் தவறியது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். தவறிய நாட்களையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.