எல்லாப் புலங்களும் கட்டாயமாக வேண்டுமா?

மாணவர்களே! தரவு செல்லுபடியாக்கல் பற்றிக் கற்கும்போது, விதிகள் கடுமையாக இருந்தால் தரவும் தரமாக இருக்கும் என்னும் எண்ணம் பலருக்கு ஏற்படுகின்றது. இவ்வெண்ணம் பாதி உண்மையே ஆகும். மறுபாதியை எக்ஸ்எம்எல் ஸ்கீமா மூலம் விளங்கிக் கொள்வோம்.

எக்ஸ்எம்எல் என்பது தரவை ஒட்டுகளுக்குள் இட்டு எழுதும் குறிமொழியாகும். இது 1998 ஆம் ஆண்டு டபிள்யூ3சி அமைப்பினால் வெளியிடப்பட்டது. ஓர் ஆவணத்தில் எந்தெந்த மூலகங்கள் வரவேண்டும், அவற்றின் பெறுமானம் எவ்வகையினது என்பவற்றைக் கூறும் விதித்தொகுதியே ஸ்கீமா எனப்படும். டபிள்யூ3சி இதனை 2001 இல் வெளியிட்டது.

மாணவர் ஒருவரின் பதிவை எடுத்துக்கொள்வோம். அதில் பெயர், பிறந்த திகதி, முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியன உள்ளன. இப்பதிவு மூன்று இடங்களில் பயன்படுகின்றது எனக் கொள்க. நூலகத்துக்குப் பெயரும் முகவரியும் போதும். பரீட்சை விண்ணப்பத்துக்கு நான்கும் வேண்டும். பாதி நிரப்பிச் சேமித்து வைக்கும் படிவத்தில் எதுவும் வெறுமையாக இருக்கலாம். தரவு ஒன்றே, தேவைகள் மூன்று.

இங்கு இரண்டு தவறான வழிகள் உள்ளன. முதலாவது, மிகக் கடுமையான தேவைக்கு ஏற்ப ஒரே ஸ்கீமாவை எழுதி எல்லோருக்கும் பொதுவாக்குதல். ஸ்கீமாவில் ஒரு மூலகம் எத்தனை முறை வரலாம் எனக் குறிப்பிடாவிட்டால், அது சரியாக ஒரு முறை வரவேண்டும் என்றே கொள்ளப்படும். ஆகவே வடிவமைப்பவர் சிந்திக்காமல் விட்டாலே அம்மூலகம் கட்டாயமாகிவிடுகின்றது. இதன் விளைவாக, அடையாள அட்டை இன்னும் கிடைக்காத மாணவருக்கு நூலக அட்டையும் மறுக்கப்படும்.

இரண்டாவது, மூன்று தேவைகளுக்கும் மூன்று தனித்தனி ஸ்கீமாக்களைப் பிரதி செய்து வைத்தல். இலங்கையில் அடையாள அட்டை இலக்கம் முன்னர் 9 எண்களையும் ஓர் ஆங்கில எழுத்தையும் கொண்டிருந்தது. 2016 முதல் 12 எண்கள் கொண்ட புதிய இலக்கம் வழங்கப்படுகின்றது. பழைய இலக்கங்களும் செல்லும். இம்மாற்றத்தை மூன்று இடங்களில் எழுத வேண்டியிருந்தால் ஓரிடத்தில் மறந்துபோவது எளிது. மறந்த இடத்தில், சரியான இலக்கமே பிழை எனத் தள்ளப்படும்.

அவ்வாறாயின் சரியான வழி யாது? பொது ஸ்கீமா தளர்வாகவும், ஒவ்வொரு தேவைக்குமான விதிகள் அதன்மேல் தனி அடுக்காகவும் இருக்க வேண்டும் என்பதே எமது கருத்து. இதற்கு ஸ்கீமாவின் இயல்பே காரணமாகும். ஒரு வகையிலிருந்து கட்டுப்படுத்தல் முறையால் இன்னொரு வகையைப் பெறும்போது, விருப்பமாக இருந்த மூலகத்தைக் கட்டாயமாக்கலாம். கட்டாயமானதை விருப்பமாக்க முடியாது. நீட்டித்தல் முறையோ புதிய மூலகங்களைச் சேர்க்க மட்டுமே உதவும். அதாவது தளர்ந்ததை இறுக்கலாம், இறுகியதைத் தளர்த்த இயலாது. ஆகவே பலரும் பகிரும் அடித்தளம் தளர்வாக இருப்பதே பொருத்தம்.

தளர்வு என்றால் பிழையான தரவு நுழைந்துவிடாதா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கு மூன்று விடயங்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

1. பெறுமானத்தின் வடிவம்: அட்டை இலக்கம் தரப்பட்டால் அது மேற்கூறிய இரு வடிவங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். இது எல்லாத் தேவைகளுக்கும் பொது. எனவே பொதுக் கோப்பில் ஒரு முறை மட்டும் எழுதி, ஏனைய ஸ்கீமாக்களில் சேர்த்துக்கொள்ளலாம்.
2. கட்டாயமா, இல்லையா என்பது: இது தேவைக்குத் தேவை மாறும். எனவே தனி அடுக்கில் இருக்க வேண்டும்.
3. புலங்களுக்கிடையிலான தொடர்பு: புதிய அட்டை இலக்கத்தின் முதல் 4 எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அது பிறந்த திகதியுடன் பொருந்துகின்றதா எனப் பார்க்க 2001 ஆம் ஆண்டின் ஸ்கீமாவால் இயலாது. இதற்கு ஸ்கீமட்ரோன் என்னும் விதிமொழியையோ, 2012 இல் வெளிவந்த 1.1 பதிப்பையோ பயன்படுத்தலாம். ஸ்கீமட்ரோனில் விதிகளைக் கட்டங்களாகத் தொகுத்து, வேண்டிய கட்டத்தை மட்டும் இயக்கவும் முடியும்.

அளவுக்கு மீறிய கடுமை பொய்யான தரவையும் உண்டாக்கும். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே பெயருக்கு முன்னால் வரும். குடும்பப் பெயர் கட்டாயம் எனக் கூறும் படிவத்தில் ஒரு மாணவி தந்தையின் பெயரை இடுவாள். இன்னொன்றில் தன் பெயரையே இடுவாள். கணினி இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். பின்னர் ஒரே மாணவி இரு ஆவணங்களில் இரு பெயர்களுடன் நிற்பாள்; தான் ஒருத்தியே என நிரூபிக்க அவளே அலைய வேண்டிவரும். விதி நிறைவேறியது, உண்மை தவறியது.

செல்லுபடியாக்கல் என்பது தரவு விதிக்கு இணங்குகின்றதா எனப் பார்ப்பதேயன்றி, அது உண்மையா எனப் பார்ப்பதன்று. இவ்வேறுபாடு விடைத்தாளில் புள்ளி பெற்றுத் தருவதோடு நின்றுவிடக் கூடாது. நாளை உங்களுள் ஒருவர் படிவம் ஒன்றை வடிவமைக்கலாம். அப்போது ஒவ்வொரு புலத்துக்கும் நேரே "இது யாருக்கு, எதற்குக் கட்டாயம்?" எனக் கேளுங்கள். விடை கிடைக்காத இடத்தில் கட்டாயம் என எழுதாதீர்கள்.

சிந்திக்க:
1. உங்கள் பாடசாலை அனுமதிப் படிவத்தில் எல்லாத் தேவைகளுக்கும் பொதுவான புலங்கள் எவை?
2. செல்லுபடியான, ஆனால் பிழையான தரவுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.