ஒதெல்லோ பாடினால் குரல் போய்விடுமா?

ஆபரா ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. வெர்டியின் ஒதெல்லோ, வாக்னரின் டிரிஸ்டன் மாதிரி கனத்த வேடங்களைத் தொட்ட டெனர் (உச்ச ஆண் குரல்) பாடகருக்குப் பத்து வருஷம்தான் ஆயுள், அதுவும் பாட்டில்லை, தொண்டை கிழியக் கத்துவதுதான் என்கிறார்கள். இதைச் சொல்லி இளம் பாடகர்களையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

முதலில் ஒரு சாவுக் கதை. 1865 ஜூன் 10 அன்று மியூனிக்கில் 'டிரிஸ்டனும் இசோல்டும்' அரங்கேறியது. டிரிஸ்டனாக நான்கு முறை பாடிய லுட்விக் ஷ்னோர் ஜூலை 21 அன்று இறந்துபோனார். வயது 29. வேடம்தான் ஆளைக் கொன்றது என்று அன்று கிளம்பிய வதந்தி இன்றும் ஓயவில்லை. அவரைக் கொண்டுபோனது திடீரென்று கண்ட நோய். அந்த நான்கு இரவும் எதிரே நின்று இசோல்டாகப் பாடியவர் அவர் மனைவி மால்வினா. இசோல்ட் என்ன லேசான வேடமா? அந்த அம்மாள் 1904 வரை உயிரோடு இருந்தார்.

அடுத்து, கத்தல் என்ற பழி. மைக் இல்லாமல் பெரிய இசைக்குழுவைத் தாண்டி ஒரு மனிதக் குரல் எப்படிக் கேட்கிறது? இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வலுவாக இருக்கும். மேலே போகப்போக வற்றிவிடும். பயின்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மை ஏறியிருக்கும். கத்தாமலே குரல் குழுவைத் தாண்டுவது அதனால்தான். ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை அளந்தே காட்டியிருக்கிறார். வாக்னர் வேடங்களைப் பாடிய டெனர் வொல்ஃப்காங் விண்ட்காஸனுக்கு அப்படியொன்றும் பெரிய குரல் கிடையாது. ஆனாலும் 1951 முதல் 1970 வரை வாக்னர் விழா நடக்கும் பைராய்ட் மேடையை ஆண்டார். அங்கே இசைக்குழு மூடிய பள்ளத்துக்குள் இருப்பது அவருக்குக் கைகொடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் குரலை வீணாக்காத சிக்கனம் அவருடையதுதான்.

'ஒதெல்லோ'வின் மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். மனைவி டெஸ்டிமோனாவை விரட்டிவிட்டு ஒதெல்லோ தனியே நிற்கிறான். தொண்டை அடைத்தாற்போலப் பாடச் சொல்லி வெர்டி சுரத்தாளிலேயே குறித்திருக்கிறார். ஒரே சுரத்தில், ஏறக்குறைய முணுமுணுப்பாக, சொல் சொல்லாக உதிர்க்க வேண்டும். கத்திப் பழகியவருக்கு இந்த இடத்தில் முதல் வரியிலேயே குரல் உடைந்துவிடும். முதல் அங்கத்துக் காதல் பாட்டின் முடிவில் உச்சத்துக்குப் போய், அங்கே மெல்ல நிற்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆயுள் கணக்குக்கு வருகிறேன். 1887-இல் மிலானில் முதல் ஒதெல்லோவாகப் பாடியவர் ஃபிரான்செஸ்கோ தமாக்னோ. பதினாறு வருஷம் கழித்து, 1903-இல், பியானோ துணையோடு அதே பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தார். ஐம்பதைக் கடந்த குரல் அது. கரகரப்புக்கு நடுவிலும் ஈட்டி மாதிரி வருகிறது. பிளாசிடோ டொமிங்கோ 1975-இல் ஹாம்பர்கில் ஒதெல்லோ பாடப் போனபோது, 34 வயதில் இது தற்கொலை என்று எச்சரித்தார்கள். 200 தடவைக்கு மேல் பாடி, 2001-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில்தான் அந்த வேடத்தைக் கழற்றினார்.

குரல் கெட்டவர்களே இல்லையா? உண்டு. டெனர் ஜுசெப்பே டி ஸ்டெஃபானோவின் தேன் குரல் சீக்கிரமே தேய்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. மென்மைக்கென்றே அமைந்த குரலில் அவர் கனத்த வேடங்களை ஏற்றினார். பழியை வேடத்தின் தலையில் போடுவது நியாயமில்லை.

லவுரிட்ஸ் மெல்கியோர் என்ற பாடகர் அவசரப்படவில்லை. 1913-இல் டெனரைவிடத் தாழ்ந்த பாரிட்டோன் குரலில் தொடங்கி, 1918-இல் டெனராக மாறி, பிறகு டிரிஸ்டனை மட்டும் 200 தடவைக்கு மேல் பாடினார். பத்து வருஷக் கணக்குப்படி அவர் குரல் எப்போதோ போயிருக்க வேண்டும். 1960-இல், 70 வயதில், டேனிஷ் வானொலி இசைக்குழுவோடு வாக்னரின் 'வால்க்யூரி'யின் முதல் அங்கத்தில் சீக்முண்டாகப் பாடினார். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கத்தல் என்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு வரட்டும், பேசுவோம்.