வைகை அணை உடைந்தால் பேரையூருக்கு வெள்ளம் வருமா? வரைபடத்தை நம்பும் முன் பார்க்க வேண்டியவை

ஆற்றின் போக்கை வைத்துச் சொன்னால், வராது. வைகையில் பாயும் வெள்ளம் சோழவந்தான் வழியாக மதுரைக்குத்தான் போகும். பேரையூர் இருப்பது குண்டாற்றுப் படுகையில். ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2021-ம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே இருக்கும் பெரிய அணைகள் எல்லாவற்றுக்கும் 5 ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும். அணை உடைந்தால் எந்த ஊர், எத்தனை மணி நேரத்தில் மூழ்கும் என்ற வரைபடம்தான் அதன் உயிர்நாடி.

கணக்கு போட ஹெக்-ராஸ், சரிபார்க்க கியூஜிஐஎஸ். இரண்டுமே இலவச மென்பொருள். சிக்கல், உள்ளே போகும் தரவில்.

முதலில் உயரம். ஜிபிஎஸ் காட்டும் உயரமும் கடல் மட்ட உயரமும் ஒன்றல்ல. உலகிலேயே புவியீர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அதனால் நம்ம பக்கம் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 90 மீட்டர் வித்தியாசம் வரும். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரை, ஜிபிஎஸ் கணக்கில் 10 மீட்டர் என்று தெரியும். வைகை அணையின் மொத்த உயரமே 111 அடி, அதாவது 34 மீட்டர்தான். இரண்டு வகை உயரத்தையும் ஒரே வரைபடத்தில் கலந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். செய்திகளில் வரும் '71 அடி' நீர்மட்டமும் அணையின் சொந்த அளவுகோல். அதைக் கடல் மட்ட உயரமாக மாற்றாமல் அப்படியே போடக் கூடாது.

அடுத்து மரங்கள். 2000-ல் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு, அடர்ந்த தோப்பின் உச்சிப் பக்கத்தையே தரையாக எடுத்துக்கொள்ளும். சோழவந்தான் தென்னந்தோப்புகள் மேடாகிவிட்டால், வெள்ளம் அதைச் சுற்றிப் போவதுபோல் காட்டும். அணைக்கும் ஆற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தாலே பாதி தப்பு பிடிபடும். ஆற்றின் அடிமட்டம் கீழே போகப் போக ஏறினால், அந்த இடத்தில் தரவு சரியில்லை.

பேரையூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கண்மாய் கரைகள் வரைபடத்தில் இருக்கிறதா? 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம் பதிவாகும் தரவில் சில மீட்டர் அகலக் கரை கரைந்தே போய்விடும். இங்கே ஒரு கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாயில் போய் விழும். நேரில் அளந்த கரை உயரத்தைக் கையால் ஏற்றாதவரை, அந்தச் சங்கிலி மாடலுக்குத் தெரியவே தெரியாது.