காய்ச்சலுக்குப் பேர் தெரியல

பத்து நாளா வயலுக்குப் போனாலும் மனசு அங்க இல்ல. என் பக்கத்து நிலத்துக்காரர், முப்பது வருஷக் கூட்டாளி, தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். காய்ச்சல் விடவே இல்ல. டெங்கு இல்ல, டைபாய்டு இல்ல, மலேரியாவும் இல்ல. இன்னும் டெஸ்ட் பாக்கணும் என்கிறார்கள். நேத்து போனப்ப என் கையைப் பிடிச்சுகிட்டு, "மாடு தண்ணி குடிச்சுதா?"ன்னு கேட்டார். அதுக்கு மேல அங்க நிக்க முடியல.

எனக்கு ஒரு ஆதங்கம். இத்தனை டெஸ்ட் எழுதினவங்க யாரும் "என்ன வேலை செய்யறீங்க?"ன்னு கேக்கல. நாங்களும் சொல்லல, அதுவும் தப்புதான். போன மாசம் பூரா ஏரிக்கரைப் புதர்ல புல் அறுத்தவர் அவர். புதர்ல இருக்கிற பொடி உண்ணி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைபஸ் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் புதுசில்ல. கடிச்ச இடம் வலிக்காது. சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, அக்குள்லயோ இடுப்புத் துணிக்குள்ளயோ ஒளிஞ்சிருக்கும். சில பேருக்கு அதுவும் இருக்காது. நேரத்தோட கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதும், விலையும் கொஞ்சம்தான். விட்டா நுரையீரல், கிட்னி, மூளை வரைக்கும் போகும். சேத்துத் தண்ணியில வர்ற எலிக்காய்ச்சலும் இப்படித்தான் ஏமாத்தும்.

விவசாயிக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. மறைமலை நகரைச் சுத்தி பிளாட் போட்டுக் காலியா விட்ட நிலமெல்லாம் இப்ப புதரும் எலியும்தான்.

ராத்திரி டியூட்டி டாக்டரம்மாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். சின்ன வயசு. கோவிச்சுக்கல, உடம்பு பூரா பாத்துட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. ரிசல்ட் நாளைக்கு. அவர் மாட்டுக்கு இப்பதான் தண்ணி காட்டிட்டு வந்தேன்.